லிவிவ் ஆர்மேனியப் பேராலயம்: எதை மூடினார்கள், எதைத் திறந்தார்கள்

சென்னை பாரிமுனையில் ஆர்மேனியன் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஊர்வாயில் அது எப்போதோ அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. அங்கே அரண்மனையும் கிடையாது, அரண்மனைக்காரரும் கிடையாது. 1772-இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் ஒன்று நிற்கிறது, அவ்வளவுதான். மேற்கு உக்ரைனின் லிவிவ் நகரிலும் ஓர் ஆர்மேனியத் தெரு உண்டு. உள்ளூரில் அதை வீர்மென்ஸ்கா என்கிறார்கள், பொருள் அதேதான். சென்னையில் இருப்பது வணிகர் கட்டிய சிறு கோயில். லிவிவில் இருப்பது பேராயரின் ஆசனம் இருந்த பேராலயம்.

அந்தப் பேராலயத்தில் 1902-க்கும் 1929-க்கும் இடையே நடந்த புதுப்பிப்புப் பணிதான் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு. பழைய கட்டடம் ஒன்று கையில் கிடைத்தால் எந்த அடுக்கைக் காப்பது, எந்த அடுக்கை எடுப்பது, எதைப் புதிதாகச் சேர்ப்பது என்ற கேள்வி இதைவிடக் கூர்மையாக எழுந்த இடங்கள் குறைவு. எடுத்த முடிவுகளின் பலன் முடிவெடுத்தவர்கள் காலத்தோடு நிற்கவில்லை. 1945, 2003, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதன் தொடர்ச்சியைப் பார்க்க முடிகிறது. பேராயர், கட்டடக்கலைஞர், ஓவியர்கள் ஆகியோர் பெயர் வரலாற்றில் பதிவானது, ஆகவே சொல்லியிருக்கிறேன். எதிர்த்தவர்கள், கல் சுமந்தவர்கள், கடைசியில் சிலை சுமந்தவர்கள் எல்லாரும் பெயரில்லாதவர்களாகவே வருகிறார்கள்.

பின்னணி

ஆர்மேனியர்களின் பழைய தலைநகரான ஆனி 1064-இல் செல்ஜுக் துருக்கியர் கையில் வீழ்ந்தது. அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் அந்த மக்கள் கருங்கடலின் வடகரை வழியாக, கிரிமியாவின் காஃபா துறைமுகத்தைத் தொட்டு, மேற்கே பரவினார்கள். கீழைநாட்டுச் சரக்கு ஐரோப்பாவுக்குள் நுழையும் வழியில் இருந்த லிவிவ் அவர்களுக்கு வாகான ஊர். போலந்து மன்னர் மூன்றாம் காசிமிர் 1356-இல் நகருக்கு உரிமைச் சாசனம் கொடுத்தபோது, ஆர்மேனியர் தங்கள் சொந்த வழக்கப்படி தீர்ப்புச் சொல்லிக்கொள்ளவும் இடம் கிடைத்தது.

1363-இல் பேராலயத்துக்கு அடிக்கல் விழுந்தது. பணம் போட்டவர்கள் இரண்டு வணிகர்கள். ஒருவர் காஃபாவிலிருந்து வந்தவர். கட்டிய கொத்தனார் தலைவர் பெயர் தோரிங் என்று பதிவு சொல்கிறது. ஆர்மேனியப் பெயர் இல்லை அது, மேற்கிலிருந்து வந்த ஆளாக இருக்க வேண்டும். ஆர்மேனியக் கோயிலை ஆர்மேனியர் அல்லாத ஒருவர் கையால் கட்டிக்கொள்ளும் வழக்கம் முதல் நாளே தொடங்கிவிட்டது. 550 ஆண்டு கழித்தும் இதே கதை திரும்ப வரும் என்பதால் இதை இங்கேயே குறித்து வைக்கிறேன். 1367 முதல் அது ஆயரின் ஆசனமானது.

ஆனியின் பேராலயத்தைப் பார்த்துக் கட்டியது இது என்பது சமூகத்தின் பழைய நம்பிக்கை. திட்டத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நான்கு தூண்கள், சிலுவை வடிவத் தளம், கிழக்கே மூன்று அரைவட்டக் கருவறைகள், நடுவில் பன்னிரண்டு பட்டைகள் கொண்ட உயரமான கழுத்து, அதன் மேல் குவிமாடம், வெளியே கூரான கூரை. ஆர்மேனிய மலைநாட்டில் எங்கே போனாலும் கண்ணில் படும் உருவம் இது. ஆனால் லிவிவுக்கு வந்து கட்டியவர்களில் எவரும் ஆனியை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அந்நகர் வீழ்ந்து 300 ஆண்டு ஆகியிருந்தது. இடையில் கிரிமியாவில் அவர்கள் கட்டிய கோயில்கள்தான் கண்முன் இருந்த மாதிரி என்று கொள்வது பொருத்தம். நினைவில் இருந்த ஊரைவிட நேற்று விட்டுவந்த ஊர்தான் கொத்தனார் கையில் அளவுகோலாகிறது.

1437-இல் தெற்குப் பக்கம் தூண்வரிசை வைத்த தாழ்வாரம் சேர்ந்தது. 1571-இல் மணிக்கோபுரம் எழுந்தது. உச்சியைச் சுற்றி நான்கு மூலையிலும் சின்னச் சின்னக் கூம்புகள் வைத்த கோபுரம், தெருவிலிருந்து முதலில் தெரிவது அதுதான். பக்கத்து முற்றத்தில் பழைய கல்லறைக் கற்களையே தரையாகப் பாவியிருக்கிறார்கள். கால் வைக்கும் இடத்திலெல்லாம் ஆர்மேனிய எழுத்து. 1630 வாக்கில் நடுப்பகுதி மேற்கே நீண்டது.

அதே 1630-இல்தான் பேராயர் மிகொவாய் தொரோசோவிச் ரோமாபுரித் திருச்சபையோடு ஒன்றிப்பை அறிவித்தார். சமூகத்தில் பெரும்பகுதி எதிர்த்தது, பிணக்கு பல பத்தாண்டு நீண்டது. முடிவில் லிவிவ் ஆர்மேனியர் ஆர்மேனிய வழிபாட்டு முறையை வைத்துக்கொண்டே கத்தோலிக்கர் ஆனார்கள். இந்த ஒரு செய்தியை நினைவில் வைக்கவும், 20-ஆம் நூற்றாண்டின் முடிவில் சாவி யாருக்கு என்ற கேள்வி வரும்போது தேவைப்படும்.

மொழியிலும் ஒரு விசித்திரம் உண்டு. கிரிமியா வழியாக வந்த இவர்கள் வீட்டில் பேசியது ஆர்மேனியம் அல்ல, கிப்சாக் என்ற துருக்கிய மொழி. அதை ஆர்மேனிய எழுத்தில் எழுதினார்கள். நீதிமன்றக் குறிப்புகள் அப்படித்தான் இருக்கின்றன. 1618-இல் லிவிவில் அச்சான 'அல்கிஷ் பிதிகி' என்ற செபப் புத்தகமும் அந்த மொழியில்தான். உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் நம் சென்னையில் அச்சானது. இரண்டும் கடல் தாண்டிய கிளைகள்தான். ஆனால் சென்னையில் இருந்தவர்கள் ஈரானின் புதிய ஜுல்ஃபாவிலிருந்து ஆர்மேனியம் பேசிக்கொண்டே வந்த வணிகர்கள். லிவிவ்காரர்கள் முதலில் கிப்சாக்குக்கும் பிறகு போலிஷ் மொழிக்கும் மாறியவர்கள்.

1772-இல் அண்டைப் பேரரசுகள் போலந்தைப் பிரித்துக்கொண்ட முதல் பங்கீட்டில் லிவிவ் ஆஸ்திரியாவிடம் போனது. சென்னையில் ஆர்மேனியக் கோயில் எழுந்ததும் அதே ஆண்டு. தொடர்பில்லாத இரண்டு செய்திகள்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.

பொறுப்பேற்றபோது கண்ட நிலை

1902-இல் யூசெஃப் தெயோதோரோவிச் ஆர்மேனியக் கத்தோலிக்கப் பேராயராகப் பொறுப்பேற்றார். லிவிவைத் தலைநகராகக் கொண்ட ஆஸ்திரிய மாகாணமான கலீசியா முழுவதும் சேர்த்து அவருடைய மந்தை சில ஆயிரம் பேர்தான். அவர்கள் தங்களை ஆர்மேனிய வம்சாவளிப் போலந்துக்காரர்கள் என்று கருதியவர்கள். வீட்டில் போலிஷ், கோயிலில் மட்டும் புரிந்தும் புரியாததுமான பழைய ஆர்மேனியம்.

கட்டடத்தின் நிலையும் ஏறக்குறைய அப்படித்தான். 14-ஆம் நூற்றாண்டின் கல் இருந்தது, ஆனால் உள்ளே சாந்து பூசி மூடியிருந்தது. மேலே 18-ஆம் நூற்றாண்டின் பரோக் அலங்காரம், அன்றைய ஐரோப்பாவின் ஆடம்பரமான கலைப்பாணி. எந்த லத்தீன் கோயிலிலும் காணக்கூடிய பீடங்கள், சட்டங்கள். வெளியே பார்த்தால் கீழைநாட்டுக் குவிமாடம், உள்ளே வந்தால் லிவிவின் மற்ற கோயில்களைப் போல ஒன்று. கிழக்கே பழையது, நடுவே 17-ஆம் நூற்றாண்டு, மேற்கே நெருக்கமான வீடுகள். முகப்பு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

பேராயர் கண்ட குறை இதுதான் என்று புரிந்துகொள்கிறேன்: இது யாருடைய கோயில் என்று உள்ளே வருகிறவனுக்குத் தெரியவில்லை. மொழி போய்விட்டது, ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். மிஞ்சியிருந்த அடையாளம் கட்டடம் ஒன்றுதான். அதையும் பரோக் மூடியிருந்தது.

முதல் முடிவும் அதன் காரணமும்

அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. பின்னாளில் சேர்ந்ததையெல்லாம் கழற்றி, 1363-இன் கல்லைச் சுத்தமாக வெளியே கொண்டுவந்து அப்படியே விட்டுவிடலாம். அல்லது அந்தப் பழைய உடலுக்குப் புதிய உடை தைத்துப் போடலாம், ஆனால் கீழைநாட்டு வெட்டில். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். காரணம் எளிது. அது அருங்காட்சியகம் அல்ல, ஞாயிறுதோறும் திருப்பலி நடக்கும் இடம். வெறும் கல்சுவரைப் பார்த்து ஆய்வாளர் மகிழ்வார், பங்கு மக்கள் மகிழ மாட்டார்கள்.

போலந்து நகரான க்ராக்கோவைச் சேர்ந்த ஓவியர் யூசெஃப் மெஹொஃபெரை அழைத்தார்கள். கோயில் முழுவதற்குமான வண்ணத் திட்டம் ஒன்றை அவர் 1907 வாக்கில் வரைந்து கொடுத்தார். சுவர், தூண், வளைவு என்று ஓர் அங்குலம் மிச்சமில்லாமல் நிறமும் கோலமும் நிறைந்த திட்டம். கட்டட வேலை க்ராக்கோவின் ஃப்ரான்சிஷெக் மன்ச்சின்ஸ்கியிடம் போனது. 1908-இல் வேலை தொடங்கியது. நடுப்பகுதியை மேலும் மேற்கே நீட்டி, க்ராக்கோவ் தெருப் பக்கம் புதிய முகப்பு எழுப்பினார்கள்.

இந்த நீட்டிப்பின் விளைவாகக் கோயிலுக்குள் ஒரு வேடிக்கை நேர்ந்தது. மேற்கு வாசலில் நுழைந்து கிழக்கே நடந்தால் காலம் பின்னோக்கிப் போகிறது. முதலில் 20-ஆம் நூற்றாண்டு, சில எட்டு வைத்தால் 17, பிறகு குவிமாடத்தின் கீழே வந்தால் 14. ஒவ்வொரு பகுதியிலும் உயரம் மாறுகிறது, வெளிச்சம் மாறுகிறது. பழைய பகுதியின் ஜன்னல்கள் ஒடுங்கியவை. அங்கே வரும்போது கண் ஒரு கணம் தடுமாறிப் பழகுகிறது. பிறகு மேலே நிமிர்ந்தால் குவிமாடம்.

எதிர்ப்பு

மெஹொஃபெரின் முழுத் திட்டம் நிறைவேறவில்லை. தொன்மைக் காவலர்கள் தரப்பில் கண்டனம் வந்தது, கலை வட்டாரத்திலும் கருத்து இரண்டாகப் பிரிந்தது. சச்சரவின் சாரம் இன்றும் பழைய கட்டடங்களில் கை வைக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஓவியம் எவ்வளவு நல்லது என்பது ஒரு கேள்வி. அந்த ஓவியத்துக்கு அந்தச் சுவர் சம்மதிக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதற்கு இல்லை என்று சொல்ல முடியும்.

கடைசியில் திட்டத்தின் உச்சிப்பகுதி மட்டும் தப்பியது. குவிமாடத்தின் உட்புறத்தில் பரிசுத்த திரித்துவத்தைக் காட்டும் மொசைக், அதாவது வண்ணச் சில்லுகளால் ஆன ஓவியம், 1912-13-இல் பதிக்கப்பட்டது. செய்தது வெனிஸ் நகரப் பட்டறை. ஆக ஆர்மேனியக் குவிமாடத்தில் போலந்து ஓவியர் வரைந்ததை இத்தாலியர்கள் பதித்தார்கள்.

பேராயர் இந்த இடத்தில் விட்டுக்கொடுத்தது சரியான முடிவு என்பது என் கணிப்பு. அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாரா, வேறு வழியில்லாமலா என்பது இரண்டாம் பட்சம். மொசைக் எட்டாத உயரத்தில், தனி வட்டத்துக்குள் இருக்கிறது. கீழே உள்ள சுவர்களைத் தொடவில்லை. சுவர்கள் வெறுமையாக இருந்ததால்தான் அடுத்துச் சொல்லப்போவது நடக்க முடிந்தது.

1914-இல் போர் வந்தது. ரஷ்யப் படை நகருக்குள் வந்தது, போனது. 1918-19-இல் போலந்துக்காரருக்கும் உக்ரைனியருக்கும் அதே நகருக்காகச் சண்டை. வேலை நின்றது. பத்தாண்டுக்கு மேல் பேராலயம் பாதி உடுத்திய நிலையில் கிடந்தது.

சாந்துக்குக் கீழே

1925-இல் உள்சுவரின் சாந்தைத் தட்டி எடுக்கும்போது, தெற்குப் பக்கம் ஜன்னல் ஒன்றின் உள்விளிம்பில் நிறம் தெரிந்தது. மேற்கொண்டு சுரண்டியபோது பழைய சுவரோவியங்கள் வெளிப்பட்டன. ஆசீர்வதிக்கும் கிறிஸ்து, சொல்லச் சொல்லச் சீடர் ப்ரோகோருஸ் எழுதிக்கொள்ள நிற்கும் நற்செய்தியாளர் யோவான், யாக்கோபு. எவ்வளவோ தலைமுறை அந்த ஜன்னலை ஒட்டி நின்று செபித்திருக்கிறது, சுண்ணாம்புக்குப் பின்னால் மூன்று முகங்கள் இருப்பது தெரியாமல்.

இந்த நிகழ்வில் மிக முக்கியமான தருணம் இது என்று நினைக்கிறேன். ஆனால் பேராலயத்தைப் பற்றிய பேச்சில் இதற்கு அடுத்து வந்த ஓவியர்தான் எப்போதும் முன்னே நிற்கிறார். மெஹொஃபெரின் திட்டம் 1908-லேயே சுவர்களை முழுக்க விழுங்கியிருந்தால், அந்த ஜன்னல் விளிம்பு புதுச் சாந்தும் புதுக் கோலமும் பெற்றிருக்கும். பழையதைத் தேடிப் போய் யாரும் காப்பாற்றவில்லை. சண்டையும் போரும் பணத்தட்டுப்பாடும் சேர்ந்து தாமதப்படுத்தியதால் அது பிழைத்தது.

கண்டுபிடித்த பின் எடுத்த முடிவுக்கு மட்டும் பெருமை உண்டு. அந்த ஓவியங்களை மூடவில்லை, மேலே வரையவில்லை, புதிய ஓவியத்தோடு 'இணைக்கவும்' இல்லை. இருந்த இடத்தில் இருந்தபடி விட்டார்கள்.

இரண்டாவது ஓவியர்

அதே 1925-இல் யான் ஹென்றிக் ரோசன் என்ற ஓவியரின் முதல் கண்காட்சி வார்சாவில் நடந்தது. போர்க்களக் காட்சிகளுக்குப் பெயர்பெற்ற ஓவியர் ஒருவரின் மகன். பெரிய சுவர் எதையும் அதுவரை தொட்டவர் அல்லர். பேராயர் இவரை அழைத்தார்.

கேட்கும்போது ஆபத்தான முடிவாகத்தான் தெரிகிறது. புகழின் உச்சியில் இருந்த மெஹொஃபெரோடு முட்டிக்கொண்ட இடத்தில், அனுபவமில்லாத ஒருவரிடம் சுவரையே ஒப்படைப்பது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மெஹொஃபெரின் திட்டம் கோயில் முழுவதையும் ஒரே துணியால் போர்த்துவது. ரோசன் தனித்தனிக் காட்சிகளாக வரைந்தார், சுவர் எங்கே இடம் கொடுத்ததோ அங்கே. 1929 வரை வேலை நடந்தது.

அவற்றில் ஒன்றை மட்டும் அருகே போய்ப் பார்ப்போம். புனித ஓதிலோனின் அடக்கம். இறந்தவர் அனைவரையும் நினைவுகூரும் நாளைக் கிறிஸ்தவ நாட்காட்டியில் ஏற்படுத்தியவர் என்று போற்றப்படும் க்ளூனி மடத்தலைவர் அவர். துறவிகள் அவருடைய உடலைத் தோளில் சுமந்து வரிசையாகப் போகிறார்கள். அந்த வரிசையோடு சேர்ந்து இன்னொரு வரிசையும் நடக்கிறது. அவர் யாருக்காகச் செபித்தாரோ அந்த ஆத்துமாக்கள், உடலில்லாத நிழலுருவங்களாக. சுமப்பவர்கள் அவர்களைப் பார்ப்பதில்லை. திடமாகத் தீட்டிய துறவியும் கரைந்துபோகும் நிழலும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், முதல் பார்வையில் சுவரில் ஈரம் ஊறிவிட்டதோ என்று தோன்றும், பிறகுதான் அது ஆள் என்று பிடிபடும்.

இன்னொன்று: ரோசன் தன் புனிதர்களுக்கு மாதிரியாக ஊர்க்காரர்களையே நிறுத்தினார். நகரில் நடமாடிக்கொண்டிருந்த முகங்கள் சுவரில் அப்போஸ்தலர்களாயின. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் ஒளிவட்டத்தோடு மேலே நிற்கிறார். பேராயர் முதலில் தேடியது ஆர்மேனிய முகத்தை. கடைசியில் சுவரில் வந்து அமர்ந்தது 1920-களின் லிவிவ் முகம். திட்டத்தில் இல்லாத விளைவு, ஆனால் எனக்கு இதில் குறை தெரியவில்லை.

ரோசன் பின்னர் அமெரிக்கா போய் அங்கேயே தங்கினார். வாஷிங்டனின் மாதா பேராலயத்தில் உள்ள பிரம்மாண்டமான கிறிஸ்து மொசைக் அவர் வடிவமைத்ததுதான். அங்கே போகிறவர்களில் பலருக்கு லிவிவ் தெரியாது.

ஆட்கள் போன பிறகு

தெயோதோரோவிச் 1938 டிசம்பரில் காலமானார். அவருக்குப் பின் லிவிவில் ஆர்மேனியக் கத்தோலிக்கப் பேராயர் அமரவே இல்லை. பொறுப்பைப் பார்த்துக்கொண்ட அருட்தந்தை தியோனிசி கயெத்தானோவிச்சை 1945-இல் சோவியத் அதிகாரிகள் கைது செய்தார்கள். அவர் 1954-இல் முகாமில் இறந்தார். எல்லை மாறி லிவிவ் சோவியத் ஒன்றியத்துக்குள் போனது, போலிஷ் பேசிய ஆர்மேனியர் போலந்தின் புதிய மேற்குப் பகுதிகளுக்கு மூட்டை கட்டினார்கள். பேராலயம் மூடப்பட்டு, அருங்காட்சியகத்தின் கிடங்கானது.

புதுப்பிப்பு முடிந்து 16 ஆண்டு. எந்தச் சமூகத்துக்காக அந்த முகப்பும் மொசைக்கும் ஓவியமும் செய்யப்பட்டனவோ அந்தச் சமூகம் ஊரில் இல்லை.

சமூகத்தின் பெரிய செல்வம் ஒன்றின் கதி இதைவிடப் புரியும்படி சொல்லும். ஸ்கெவ்ரா நற்செய்தி நூல் 1198-இல், இன்றைய துருக்கியின் தென்கரையில் ஆர்மேனியர் ஆண்ட சிலிசியாவில் எழுதி ஓவியம் தீட்டிய கையெழுத்துப் பிரதி, லிவிவ் ஆர்மேனியப் பேராயரகத்தின் சொத்து. போருக்குப் பின் அது தொலைந்துபோனது என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1993-இல் போலந்தின் க்னியெஸ்னோ நகரில் அகப்பட்டது. இப்போது வார்சாவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. யாரோ சிலர் வாய் திறக்காமல் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள். கட்டடத்தை அப்படி மூட்டை கட்ட முடியாது.

கிடங்காக இருந்ததில் தீமை மட்டும் நேர்ந்தது என்று சொல்ல மாட்டேன். சோவியத் ஆட்சியில் மூடிய கோயில்களில் பல விளையாட்டுக்கூடம், தானியக்கிடங்கு, தொழிற்கூடம் என்று உருமாறின. இங்கே அடைத்து வைத்தது திருச்சித்திரங்களையும் சிலைகளையும். பூட்டு போட்டதால் ஓவியங்களில் யாரும் ஆணி அடிக்கவில்லை. ஆனால் கூரையையும் ஈரத்தையும் பூட்டு பார்த்துக்கொள்ளாது.

சாவி யாருக்கு

உக்ரைன் 1991-இல் தனிநாடானது. அப்போது லிவிவில் இருந்த ஆர்மேனியர்கள் பெரும்பாலும் சோவியத் காலத்தில் வேலைக்கும் படிப்புக்கும் வந்து தங்கியவர்கள், ரோமாபுரியோடு ஒன்றாத ஆர்மேனிய அப்போஸ்தலத் திருச்சபையினர். பழைய உரிமையாளர்கள் ஆர்மேனியக் கத்தோலிக்கர்கள், அவர்கள் போலந்தில் சிதறியிருந்தார்கள். ஊரில் இருக்கிற ஆர்மேனியர் கோயிலுக்குப் பழைய ஆர்மேனியர் அல்லர். பழைய ஆர்மேனியர் ஊரில் இல்லை.

1630-இன் பிணக்கு வேறு வேடத்தில் திரும்ப வந்து நின்றது என்று சொல்லலாம். இந்த முறை ஊரில் இருப்பவர்கள் பக்கம் முடிவானது. 2003 மே மாதம் அப்போஸ்தலத் திருச்சபையின் தலைவரான அனைத்து ஆர்மேனியரின் கத்தோலிக்கோஸ் இரண்டாம் கரெகின் வந்து பேராலயத்தை அர்ச்சித்தார். அது அப்போஸ்தலத் திருச்சபையின் ஆலயமானது. ஓவியங்களையும் மொசைக்கையும் செப்பனிடும் வேலையில் போலந்திலிருந்து வந்த நிபுணர்களும் உக்ரைனிய நிபுணர்களும் சேர்ந்து இறங்கினார்கள். வழிபடுவது ஒரு சபை, ஓவியத்தின் மேல் பாசம் இன்னொரு நாட்டுக்கு, நிலம் மூன்றாவது நாட்டுடையது. இந்த ஏற்பாடு எழுத்தில் சிக்கலாகத் தெரிந்தாலும் நடைமுறையில் வேலை செய்தது.

2022 மார்ச்

ரஷ்யப் படையெடுப்பு தொடங்கி பத்தாவது நாள், மார்ச் 5. சாதாரணக் குளிர்ச்சட்டை போட்ட சிலர் பேராலயத்திலிருந்து மரத்தாலான கிறிஸ்து சிலையைக் கையில் தாங்கி எடுத்துப் போனார்கள், நிலவறைப் பாதுகாப்பிடத்துக்கு. அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. இதற்கு முன் இந்தச் சிலை இடம் பெயர்ந்தது இரண்டாம் உலகப்போரின்போது என்று அப்போது சொன்னார்கள்.

உள்ளே ரோசனின் சுவரில் ஓர் உடலைச் சிலர் சுமந்து போகிறார்கள், வெளியே இவர்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும்தான். ஆனால் பணி என்ற வகையில் இங்கே பார்க்க வேண்டியது வேறு: எடுத்துப் போக முடிந்தது எது, முடியாதது எது. சிலை போனது. மொசைக், சுவரோவியம், ஜன்னல் விளிம்பின் மூன்று முகங்கள் எல்லாம் அங்கேயே இருந்தன. 1998 முதல் உலக மரபுச் சின்னமாக இருந்த லிவிவ் பழைய நகரை 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ ஆபத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது.

இப்போது செய்வதானால்

1902-இல் இருந்தவர்களுக்கு இன்றைய கருவிகள் இல்லை, அதை வைத்து அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. இருந்தாலும் அதே கட்டடம் இன்று கைக்கு வந்தால் வரிசை மாறும். முதலில் சாந்து. வடிவமைப்பாளரை அழைப்பதற்கு முன் சுவரின் எல்லாப் பக்கமும் சிறு சிறு சதுரமாகச் சாந்தை எடுத்துப் பார்த்துப் பதிவு செய்திருப்பார்கள். 1925-இல் கண்டது 1903-லேயே கண்ணில் பட்டிருக்கும். மெஹொஃபெரும் அந்த மூன்று முகங்களைப் பார்த்துவிட்டு வரையத் தொடங்கியிருப்பார். அவருடைய திட்டம் வேறாக இருந்திருக்கும், சண்டையும் வேறாக இருந்திருக்கும்.

மேற்கு நீட்டிப்பைப் பற்றி எனக்கு இரு மனம். முகப்பு கிடைத்தது, இடம் கிடைத்தது. ஆனால் சில ஆயிரம் பேருக்கு, அதுவும் குறைந்துவரும் கூட்டத்துக்கு, இடம் பற்றாக்குறை ஒரு காரணமா? அடையாளம்தான் காரணம் என்றால், அதற்குக் கல்லைவிட மலிவான வழிகள் இருந்தன, பள்ளிக்கூடம், மொழி வகுப்பு என்று. பேராயர் கல்லில் போட்ட நம்பிக்கை மொழியில் போடப்படவில்லை. அதே சமயம், கல் இன்னும் நிற்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

பரோக் அடுக்கைக் கழற்றியபோது கழற்றியதன் முழுப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்று இன்று எந்த மாணவரும் சொல்வார். பரோக் என்றால் பிற்காலத்து ஒட்டு, எடுத்துவிடலாம் என்பது அன்றைய பொதுப்புத்தி. இன்று அதே பரோக்குக்கு 300 வயது.

கடைசியாக, ஆட்கள் இல்லாமல் போனால் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சென்னைக் கோயிலின் ஏற்பாட்டை இங்கே ஒப்பிடலாம். அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மேனியக் குடும்பம் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. கொல்கத்தாவில் உள்ள ஆர்மேனியத் திருச்சபைக் குழு அங்கிருந்தே செலவையும் பராமரிப்பையும் பார்க்கிறது. முற்றத்தில் 'அஸ்தரார்' நடத்திய அருட்தந்தை ஷ்மாவோனியனின் கல்லறை துடைத்த தரையோடு இருக்கிறது. 1945-இன் லிவிவில் இப்படியொரு ஏற்பாடு தாளில் இருந்திருந்தாலும் சோவியத் அதிகாரி அதை மதித்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1991-இல் சாவியைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோது, மேசைமேல் வைக்க ஒரு தாளாவது இருந்திருக்கும்.